குடைக்காரி

"ஷூ போட்டு விடலாமா?" என்று அண்ணன் கேட்டான். அவன் கையில் அம்மாவின் வெள்ளை ஷூ இருந்தது. இடது குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

"எதுக்கு? இனிமே எங்க நடக்கப் போறா?"

வெடுக்கென்று சொன்ன தங்கை அந்த ஷூவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நாலு வருஷமாக அம்மாவிடம் அவள் பார்த்ததெல்லாம் அந்த ஷூவைத்தான்.

அம்மா கருக்கலைப்பு செய்யும் மருத்துவமனையில் நர்ஸ். சட்டத்தை மாற்றச் சொல்லி அதன் கேட்டுக்கு எதிரே சனிக்கிழமை தவறாமல் பதாகை பிடிக்கும் சங்கத்தில் இந்த மகளும் ஒருத்தி. வருகிற பெண்களின் முகத்தை அந்தக் கூட்டம் பார்க்கக்கூடாதென்று, மழை வெயில் இல்லாத நாளிலும் அம்மா பெரிய கறுப்புக் குடையோடு கேட்டுக்கு வருவாள். கூட்டத்தின் பக்கம் தாழ்த்திப் பிடித்து, வந்தவளை அணைத்தபடி உள்ளே கூட்டிப்போவாள். வெளியே தெரிவது நாலு கால்கள் மட்டும். சங்கத்தில் அம்மாவுக்குப் பெயர் குடைக்காரி. மகளும் அப்படிச் சொல்லிக் கத்தியிருக்கிறாள்.

மகளுக்கு மூன்று முறை கரு தங்கவில்லை. மூன்றாவது முறை அம்மாதான் கூட இருந்தாள், மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பினாள். "இன்னிக்குமா? அங்க போய் அதையேவா..." என்று மகள் கேட்டாள். அம்மா ஷூவை மாட்டிக்கொண்டு போனாள். பேச்சு அன்றோடு நின்றது. நேற்றுக் காலை பல் தேய்க்கப் போன அம்மா குளியலறையிலேயே விழுந்து இறந்துபோனாள். கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இப்போது மகளுக்குத் தெரியவில்லை.

காலையிலிருந்து பெண்கள் தனித்தனியாக வந்தார்கள். ஒரு நிமிஷம் நின்றார்கள், போனார்கள். எப்படிப் பழக்கம் என்று கேட்டால் "தெரிஞ்சவங்க" என்பதோடு சரி.

"உங்கம்மாவுக்கு இத்தனை சிநேகிதியா? உன் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பேர் வரலையேடி" என்று சித்தி வாயைப் பிளந்தாள்.

மத்தியானம் ஒருத்தி வந்தாள். வலது காலைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பி வைத்து நடந்தாள். மகள் அந்தக் காலையே பார்த்தாள். போன வருஷம் குடைக்குக் கீழே பார்த்த கால். "உன் பிள்ளை உன்னை மன்னிக்காது!" என்று தான் கத்தியதும் ஒரு நொடி நின்றுவிட்ட கால்.

முகத்தை இப்போதுதான் பார்க்கிறாள். நாற்பது வயது இருக்கும். நெற்றியில் சின்னத் தழும்பு. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்திருந்தால் பேச்சுக் கொடுத்திருப்பாள், அப்படியொரு முகம்.

"நீங்க அவங்க பொண்ணா?"

தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

"அன்னிக்குப் பாதி வழியில நான் நின்னுட்டேன். அப்போ உங்கம்மா சொன்னாங்க, 'உனக்கு என்ன வேணும்? திரும்பிப் போகணும்னாலும் சொல்லும்மா, இதே குடையில கொண்டுபோய் விடறேன்'னு. அதுவரைக்கும் எங்கிட்ட யாரும் அப்படிக் கேட்டதில்லைங்க."

அதன் பிறகு என்ன செய்தாள் என்று அவள் சொல்லவில்லை. மகளும் கேட்கவில்லை. பதாகையில் எழுதியிருந்ததை மகள் இன்றும் நம்புகிறாள். ஆனால் தான் ஒருவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்பது உறைத்தது.

கிளம்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். தெருக் கேட்டில் சங்கத்து ஆட்கள் மாலையோடு வந்து நின்றார்கள். அவள் முந்தானையை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

கதவுக்குப் பின்னால் குடை சாய்ந்திருந்தது. மகள் எடுத்து விரித்தாள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு, கேட்டின் பக்கம் தாழ்த்திப் பிடித்தபடி நடந்தாள்.

"யாரும்மா அது?" என்றார் சங்கத்தின் தலைவர்.

"எங்கம்மாவைப் பார்க்க வந்தவங்க. வழி விடுங்க."

அந்தக் குரலைக் கேட்டதும் குடைக்குக் கீழே வலது கால் நின்றது. மகளும் நின்றாள்.

பிறகு வலது கால் ஒரு அடி எடுத்து வைத்தது.