காயில் திருடன்

முத்திருளனின் மோட்டார் சைக்கிள் நடுரோட்டில் செத்துச் செத்து நிற்பதற்கு யார் காரணம் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அவனுடைய மச்சான் விருமாண்டிதான் காரணம். பெண்டாட்டியின் உடன்பிறந்த அண்ணன், பழங்காநத்தத்தில் பட்டறை வைத்திருக்கிறவன், வண்டியில் இருந்த, பிளக்குக்குக் கரண்ட்டு கொடுக்கும் நல்ல காயிலைக் கழற்றி எடுத்துக்கொண்டு, எவனோ தூக்கிப்போட்ட பழைய காயிலை மாட்டிவிட்டான். இதை முத்திருளன் மனதுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடையில், ஆள் நிறைந்திருந்த நேரமாகப் பார்த்து, "தங்கச்சி புருசன் வண்டியிலயே கை வைக்கிறவன் களவாணி இல்லாம வேற யாரு?" என்று கேட்டுவிட்டு, டீயைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டான்.

வண்டி ராணுவ ஏலத்தில் எடுத்தது. கப்பலூரில் பம்பு செட்டு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றுக்கு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பது அவன் வேலை. வாரத்தில் பாதி நாள் தேனி, கம்பம் என்று வண்டியின் மேலேயே கழிந்துவிடும். அப்படிப்பட்டவனுக்கு வண்டி கருமாத்தூர்ப் பொட்டலிலும் ஆண்டிபட்டிக் கணவாயிலும் நின்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? நின்ற இடத்தில் மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்துபோவான். மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பான். இருக்கும். வெறுத்துப்போய் ஒரு பீடியைக் குடித்துவிட்டு மறுபடி மிதித்தால், ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பிவிடும். சூடேறினால் சாவதும் ஆறினால் பிழைப்பதும் கெட்டுப்போன காயிலின் குணம் என்று உசிலம்பட்டியில் ஒரு டிராக்டர் டிரைவர் சொன்னான். அன்றைக்கே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

பட்டறையில் விட்டால் மட்டும் வண்டி யோக்கியமாக ஓடியது. விருமாண்டி எந்த வண்டியைத் தொட்டாலும் முதலில் மண்ணெண்ணெய்த் துணியால் மேலிருந்து கீழ்வரை துடைத்துவிட்டுத்தான் ஸ்பேனரைக் கையில் எடுப்பான். துடைத்து, டேங்கைக் கழுவி, பூட்டி, நாகமலை வரை ஓட்டிக் காட்டுவான். ஒரு இருமல் இருக்காது. ஒரு வெள்ளிக்கிழமை கழிந்தால் பழைய கதை திரும்பிவிடும்.

"எங்கிட்ட இருக்கையில ஓடுது, ஒங்கிட்ட வந்தா நிக்குதுன்னா, கோளாறு வண்டியிலயா ஆளுலயா மாப்ள?" என்று விருமாண்டி ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டான். அந்தச் சிரிப்புதான் முத்திருளனை டீக்கடை வரை கொண்டுபோய் நிறுத்தியது.

இதற்கு நடுவில் மகள் மலையம்மாளுக்குக் காதுகுத்து வந்து சேர்ந்தது. உசிலம்பட்டிக்கு மேற்கே குலசாமி கோயிலில் முடி இறக்கிக் காது குத்த வேண்டும். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது வேறொருவன் மடி கொடுத்தால், அவனைச் செத்தவனாக்கியதற்குச் சமம்.

"களவாணி மடியில எம்மக ஒக்கார மாட்டா" என்றான் முத்திருளன்.

"எங்கண்ணன் மடி இல்லாம எம்பிள்ள காதுல ஊசி எறங்காது. மீறிக் குத்துனா பிள்ளையத் தூக்கிட்டு எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள் அவன் மனைவி மாயக்காள். அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவனுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

வழக்கு முத்திருளனின் பெரியப்பா உக்கிரபாண்டியிடம் போனது. அவர் வெற்றிலையை மென்றபடி மச்சான், மாப்பிள்ளை இரண்டு பேர் சொன்னதையும் கேட்டார்.

"வெள்ளிக்கெழம காதுகுத்து. பொம்பளையாளுக முந்தின நாளே கோயிலுக்கு வந்திரட்டும். நீங்க ரெண்டு பேரும் காலையில அதே வண்டியில கெளம்பி வாங்க. விருமாண்டி புதுக் காயில் ஒண்ணக் கையோட கொண்டாரணும். நின்ன எடத்துல கழத்திப் பாருங்க. காயில்தான் கோளாறுன்னா மடிக்கு வேற ஆளப் பாப்போம். இல்லன்னா, இருளா, டீக்கடையில சொன்ன சொல்ல நீ சபையில திருப்பி எடுக்கணும். சம்மதமா?"

இருவரும் சம்மதித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் முத்திருளன் குளித்துவிட்டு வண்டிக்குப் பூசை போட்டான். மற்றவர்கள் ஹெட்லைட்டில் பொட்டு வைப்பார்கள். அவன் பெட்ரோல் டேங்கின் மூடியில்தான் வைப்பான். பெட்ரோல்தான் வண்டிக்கு உயிர், உயிர் இருக்கிற இடத்தில்தான் பொட்டு வைக்க வேண்டும் என்பது அவனே கண்டுபிடித்த சாத்திரம். வாராவாரம் சந்தனத்தைக் கெட்டியாக இழைத்து, மூடி உச்சியில் அப்பி, நடுவே குங்குமத்தை அழுத்துவான். அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக அப்பினான். "கருப்பா, இன்னைக்கு வண்டி நிக்கணும். நடுரோட்டுல நிக்கணும். அவன் வண்டவாளம் வெளிய வரணும்" என்று கும்பிட்டான். தன் வண்டி நிற்க வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டவன் மதுரை ஜில்லாவிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

விருமாண்டி ஸ்பேனர்ப் பையும் புதுக் காயிலுமாக வந்து பின்னால் ஏறினான். இருவருக்கும் நடுவில் பையை வைத்துக்கொண்டான். நாகமலைப் புதுக்கோட்டையில்தான் விருமாண்டி வாயைத் திறந்தான்.

"மெதுவாப் போ. பிள்ளைக்கு மாமன் வேணுமா வேணாமா?"

முத்திருளன் வேகத்தைக் கூட்டினான்.

செக்கானூரணிக்கு இந்தப் பக்கமே சாமி வரம் கொடுத்துவிட்டது. வண்டி இருமியது, இழுத்தது, புளியமரத்தடியில் உயிரை விட்டது. முத்திருளனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"பாத்துக்க. நல்லாக் கண்ணத் தொறந்து பாத்துக்க."

விருமாண்டி பிளக்கைக் கழற்றி, எஞ்சின்மேல் வைத்து, உதைக்கச் சொன்னான். பிளக் முனையில் பொறி நீலமாகப் பாய்ந்தது.

"கரண்ட்டு குதிரையாட்டம் வருது. எங்கிட்டுக் காயில் செத்துச்சு?"

"இப்ப ஆறிருச்சுல்ல, வரத்தான் செய்யும். களவாணிக் காயிலுக்கு அம்புட்டு வெவரம் இருக்கு. மாத்து."

விருமாண்டி பழைய காயிலைக் கழற்றினான். அவன் புதியதை மாட்டும் நேரத்தில் முத்திருளன் பழக்கதோஷத்தில் டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான். பெட்ரோல் முக்கால்வாசி இருந்தது. மூடினான். விருமாண்டி எழுந்து ஒரு உதை விட்டதும் வண்டி சடசடவென்று கிளம்பியது.

"தீந்துச்சு கதை" என்றான் முத்திருளன். "மடிக்கு ஆள் பாக்கச் சொல்லிருவோம்."

விருமாண்டியின் முகம் கறுத்துவிட்டது. கழற்றிய காயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது அவன் மாட்டியதே இல்லை, வண்டியோடு வந்தது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் புதுக் காயில் போட்டதும் வண்டி ஓடுகிறதே, இதற்கு மேல் எந்த வாயால் பேசுவது? காயிலைப் பையில் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். முத்திருளன் அதன்பிறகு விசில் அடித்துக்கொண்டு ஓட்டினான். மடியில்லாமல் ஆக்கப்பட்ட மாமன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது அவனுக்குப் பரம சுகமாக இருந்தது.

கருமாத்தூர் தாண்டிச் சோளக்காட்டு ஓரத்தில் வண்டி மறுபடி இருமியது. இழுத்தது. நின்றது.

விசில் நின்றுபோனது. விருமாண்டி இறங்கி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, காடு முழுக்கக் கேட்கும்படி சிரித்தான்.

"புதுக் காயிலுய்யா. நேத்துத்தான் டப்பாவப் பிரிச்சேன். இதையும் நாந்தான் களவாண்டேனா?"

"வேற என்னமோ பண்ணி வச்சிருக்க" என்று முத்திருளன் முனகினான்.

"பண்றவன் ஒக்காந்து பாக்கவா செய்வான்? தள்ளு." விருமாண்டி கீழே குந்தி, டேங்கிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் டியூபைப் பிடுங்கினான். அதிலிருந்து நாலு சொட்டு விழுந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. வால்வைத் திருகிப் பார்த்தான், ஊதிப் பார்த்தான். திறந்துதான் இருந்தது. "இம்புட்டு நேரமும் கரண்ட்டக் கட்டிக்கிட்டு மாரடிச்சிருக்கோம். வண்டிக்குப் பெட்ரோல் எறங்கல. டேங்க்குல இருக்கான்னு பாரு."

முத்திருளன் மூடியைத் திருகினான். உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. தாகத்தில் கிடந்தவன் மூச்சை இழுப்பதுபோல் டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. அதே நொடியில் கீழே டியூபிலிருந்து பெட்ரோல் கொட்டி விருமாண்டியின் கையை நனைத்தது.

முத்திருளன் கையிலிருந்த மூடியைப் பார்த்தான். உள்பக்கத்தில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருந்தது. மேல்பக்கம் திருப்பினால் அந்தத் துளை இருக்க வேண்டிய இடத்தில், காலையில் அவன் அப்பிய சந்தனம் குங்குமத்தோடு காய்ந்திருந்தது. காற்றுப் போகிற வழியை வாராவாரம் அவனே பூசி அடைத்திருக்கிறான். காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படிக் கீழே இறங்கும்? பட்டறையில் மச்சான் துடைத்துத் துடைத்துத் திறந்துவிட்டதை இவன் பூசிப் பூசி மூடியிருக்கிறான்.

டீக்கடையில் சொன்ன சொல் அவன் காதுக்குள் கேட்டது. சபையில் எழுந்து நிற்பதையும், சொந்தபந்தம் வாயைப் பொத்திச் சிரிப்பதையும் நினைத்தபோது வெட்கம் ஆத்திரமாக மாறிவிட்டது. விருமாண்டி குனிந்தபடி டியூபை மாட்டிக்கொண்டிருந்தான். முத்திருளன் கட்டைவிரலால் சந்தனத்தை வழித்தான். சாவிக்கொத்தில் கிடந்த ஊக்கால் துளையைக் குத்தினான். மூடியை இறுக்கிப் பூட்டினான்.

"என்ன ஆச்சு?" என்று நிமிராமலே கேட்டான் விருமாண்டி.

"ஒண்ணுமில்ல. டேங்க்குல கசடு கெடந்து அடைச்சிருக்கும். தானா வெலகிருச்சு."

"கசடா?"

"ஆமா. கசடுதான்."

விருமாண்டி கையைச் சோளத்தட்டையில் துடைத்துக்கொண்டான். நெடுநேரம் துடைத்தான்.

"சரி மாப்ள" என்றான். அதற்குப்பிறகு வண்டி கோயில் வரை எங்கும் நிற்கவில்லை.

சபையில் உக்கிரபாண்டி கேட்டபோது முத்திருளன் எழுந்து நின்றான். "காயில் இல்ல பெரியப்பா. டேங்க்குல கசடு. அன்னைக்குப் பட்டறையில டேங்க்கக் கழுவுனாக, சரியாக் கழுவாம விட்டிருக்காக. களவு இல்லன்னாலும் கவனம் பத்தல."

சொல்லும்போதே அவனுக்கு அது உண்மை மாதிரித்தான் இருந்தது. உக்கிரபாண்டி விருமாண்டியைப் பார்த்தார். "மாப்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றான் அவன்.

களவும் இல்லை, சபையில் சொல்லைத் திருப்பி எடுக்கவும் இல்லை என்று வழக்கு இரண்டும்கெட்டானாக முடிந்தது. மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்தது. ஆசாரி காது குத்தினார், பிள்ளை வீறிட்டது, பெண்கள் குலவை போட்டார்கள். முத்திருளன் மச்சானுக்கு மாலை போட்டுச் சந்தனக் கிண்ணத்தை நீட்டினான். விருமாண்டி வாங்கிக்கொண்டான். பூசிக்கொள்ளவில்லை.

கறிச்சோறு முடிந்து வெயில் தாழ்ந்தது. சொந்தக்காரர்கள் மதுரைக்குத் திரும்ப லாரியில் ஏறினார்கள். முத்திருளன் மனைவியையும் மகளையும் வண்டியில் உட்காரவைத்தபோது, விருமாண்டி சந்தனக் கிண்ணத்தோடு வந்தான். நாலு விரலும் கொள்ளும் அளவு சந்தனத்தை வழித்து, டேங்க் மூடியின் உச்சியில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பூசினான். மேலே குங்குமம் வைத்தான்.

"சாமி சந்தனம் மாப்ள. வீடு போய்ச் சேர்றவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது."

பெண்கள் மறுபடி குலவை போட்டார்கள். மாமன் எப்பேர்ப்பட்ட மனசுக்காரன் என்று ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாயக்காளின் முகம் மலர்ந்திருந்தது. முத்திருளன் மட்டும் விருமாண்டியின் கண்ணைப் பார்த்தான். அதில் சோளக்காட்டு ஓரம் முழுவதும் இருந்தது. அப்போதே தெரிந்திருக்கிறது இவனுக்கு. நான் வாயைத் திறந்து சொல்வேனா என்று பொறுத்துப் பார்த்திருக்கிறான்.

முன்னால் வண்டி போனது, பின்னால் ஒட்டிக்கொண்டே லாரி வந்தது. லாரியின் முன்தட்டைப் பிடித்துக்கொண்டு விருமாண்டி நின்றிருந்தான். ஒரு வளைவு திரும்பட்டும், துடைத்துவிடலாம் என்று முத்திருளன் எண்ணினான். அந்தப் பொட்டல் ரோட்டில் வளைவே இல்லை. உசிலம்பட்டியைத் தாண்டியதும் வண்டி இருமியது. இழுத்தது. நின்றது.

லாரியும் நின்றது. ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கிச் சுற்றி நின்றார்கள்.

முத்திருளனின் கை மூடிக்குப் போனது. "பெட்ரோல் இருக்கான்னு..."

"பெட்ரோல் கெடக்கு, நான் பாத்தேன்" என்றான் விருமாண்டி. "மூடியத் தொறந்தா சாமி சந்தனம் கலைஞ்சிரும். மிதி மாப்ள."

முத்திருளன் மிதித்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்தான். வேர்வை கண்ணில் இறங்கியது. மாயக்காள் பிள்ளையோடு இறங்கி ஓரமாக நின்றாள். அவன் மூச்சு வாங்கியபடி நின்று, எல்லோரையும் ஒருமுறை பார்த்தான். பிறகு சந்தனத்தைக் கட்டைவிரலால் வழித்தெறிந்தான். சாவிக்கொத்து ஊக்கை எடுத்துத் துளையில் குத்தினான். உஸ்ஸென்ற சத்தம் சுற்றி நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது. கொஞ்சம் பொறுத்து உதைத்ததும் வண்டி கிளம்பியது.

"காலையிலயும் இதே விரலு, இதே ஊக்குதான மாப்ள?" என்றான் விருமாண்டி.

உக்கிரபாண்டி வெற்றிலையைத் துப்பினார். எவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் முத்திருளன் சண்டைக்காவது போயிருப்பான்.

மாயக்காள் அவனுடைய கட்டைவிரலைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள். "தெரிஞ்சிக்கிட்டேவா சபையில அப்படிச் சொன்னீக?" என்று கேட்டாள். பிள்ளையை அண்ணன் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டு, லாரிச் சக்கரத்தில் கால்வைத்து ஏறிக்கொண்டாள்.

லாரி அவனைத் தாண்டிப் போனது. முத்திருளன் தனியாக வண்டியில் ஏறினான். வீடு வரை அது ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.