வலது வில்லையில் ஒரு ரேகை

சனிக்கிழமை பத்து மணிக்கு டார்லீன் வருவாள். வந்தால் வெறுங்கையோடு போக மாட்டாள். சர்ச்சில் பழைய சாமான் விற்பனை. செத்துப்போன அக்காவின் துணிமணி, பாத்திரம், மூக்குக்கண்ணாடி வரை எல்லாவற்றையும் பெட்டி கட்டப் போவதாகப் போனிலேயே பட்டியல் வாசித்துவிட்டாள். அக்காள் புருஷன் ஓர்வில் எல்லாவற்றுக்கும் "சரி" என்றார். மனைவி ஜெனீவ் போய் ஐந்து வாரமாக அவர் வாயில் புழங்கியது அந்த ஒரு சொல்தான். சவப்பெட்டிக்காரன் காட்டிய பெட்டிக்கும் சரி, பக்கத்து வீட்டார் கொண்டுவந்த ஏழாவது கேக்குக்கும் சரி.

பெட்டிக்குள் போகும் முன் அந்த மூக்குக்கண்ணாடியை மட்டும் ஒரு படம் எடுத்துவிட வேண்டும். அதன் வலது வில்லையில் ஜெனீவின் கட்டைவிரல் ரேகை இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அவசரத்தில் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அது அங்கேயேதான். அதை நகர்த்தாமல் பக்கத்தில் தட்டை வைத்து அவர் சாப்பிட்டார்.

டுலூத் நகரத்துக் கேமரா கிளப்பில் ஓர்வில்லுக்கு ஒரு பெயர் உண்டு. வீட்டுச் சாமானில் நகக்கண் அளவு இடத்தை எடுத்துச் சுவரளவு பெரிதாக்கிக் காட்டுவார். உப்பைக் காட்டினால் பனிமலை என்பார்கள். சீப்பைக் காட்டினால் வேலி என்பார்கள். இரண்டு வருஷம் முன்பு ஜெனீவின் தையல் விரல்பூண் படத்துக்கு முதல் பரிசு. நடுவர் எழுதிய குறிப்பு சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது: 'ஒரு தூசி இல்லை.'

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வேலையைத் தொடங்கினார். முதலில் கீழ்த்தளத்து ஹீட்டரை அணைத்தார். அதன் விசிறி ஓடினால் தரை நடுங்கும். மயிரிழை நடுங்கினாலும் படம் பாழ். வெளியே ஏரி உறைந்து கிடந்தது. கோட்டை மாட்டிக்கொண்டார். முக்காலியில் கேமராவைப் பூட்டினார். அடி வெட்டிய வெள்ளைப் பிளாஸ்டிக் ஐஸ்கிரீம் வாளியை விளக்குக்கு முன்னால் நிறுத்தி வெளிச்சத்தைச் சாதுவாக்கினார். ரப்பர்க் குமிழால் இரண்டு ஊது. மெல்லிய தூரிகையால் ஒரு தடவல். பிறகு மெத்தென்ற துணி. நடுவிலிருந்து விளிம்புக்கு வட்டம் வட்டமாக, முதலில் இடது, அடுத்து வலது.

கேமராவில் கண்ணை வைத்தார்.

வலது வில்லை பளிச்சென்று இருந்தது. ஒரு தூசி இல்லை.

துணி இன்னும் கையில் இருந்தது. விரித்துப் பார்த்தார். நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். எழவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து இருபது வருஷப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஜெனீவின் கரண்டி, ஜெனீவின் பொத்தான், ஜெனீவின் மாத்திரை டப்பா. அவள் தொடாத சாமான் அதில் ஒன்றுகூட இல்லை. தொட்ட அடையாளமும் ஒன்றில்கூட இல்லை. கொலைகாரன்கூட இத்தனை அக்கறையாகத் துடைத்திருக்க மாட்டான்.

"என்ன ஓர்வில், வீடா இல்ல மீன் வைக்கிற ஐஸ் பொட்டியா?" டார்லீன் உள்ளே வந்தாள். "ஹீட்டர் ரிப்பேரா?"

"அணைச்சு வெச்சிருக்கேன்."

"ஓ, படமா! பாவம் எங்கக்கா, இந்தக் கூத்துக்காகவே வீட்டுக்குள்ள குல்லா போட்டுக்கிட்டு சூப் குடிச்சா." பக்கத்து வீட்டுக் கேக்கில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். "அந்தக் காபி மெஷினையும் குடுத்துடு. உனக்குத்தான் காபி போடவே தெரியாதே."

"சரி."

"எதைக் கேட்டாலும் சரியா? ஒரு வார்த்தை மறுத்துப் பேசு. உன்கிட்ட கேட்டு வாங்கறதுல ருசியே இல்ல."

கேக் தின்ற கையாலேயே கண்ணாடியை எடுத்துத் தன் மூக்கில் மாட்டிப் பார்த்தாள். "அடேயப்பா, இது எங்கக்கா கண்ணாடிதானா? எப்பவும் எண்ணெய்ச்சட்டி மாதிரியில்ல வெச்சிருப்பா. நீ துடைச்சியா?"

"ஆமா."

டார்லீன் அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். "ஐயோ, வெண்ணெய் அப்பிட்டேன். உன் துணி எங்க? குடு."

அவர் கை பைக்குள் போனது. துணியைத் தொட்டது. வலது வில்லையில் ஒரு கட்டைவிரல் ரேகை, அகலமாக, எண்ணெய்ப் பளபளப்போடு. ஜெனீவுடையது இல்லை.

"துடைக்க வேண்டாம்."

"இப்படியேவா? யாரு வாங்குவா?"

"வேண்டாம்னா வேண்டாம். அங்கேயே வை."

ஐந்து வாரத்தில் அவர் சொன்ன முதல் 'வேண்டாம்'. டார்லீன் பேரத்தில் தேறினவள். படியாத இடம் எதுவென்று அவளுக்குத் தெரியும். கண்ணாடியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் காபி மெஷினைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

ஓர்வில் படம் எடுக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் கீழே போய் ஹீட்டரைப் போட்டார். மேலே வந்தபோது தரை நடுங்கிக்கொண்டிருந்தது. மேசையில் கண்ணாடியும்.