இன்னும் ஆள் ஏறக்கூடாது

ஸ்கூட்டர் வாங்கலாம் என்று நான் சொன்னதும் அவர் தலையாட்டினார். என் வீட்டுக்காரர் தலையாட்டினால் சரி என்று அர்த்தமில்லை, காதில் விழுந்தது என்று மட்டும்தான் அர்த்தம். இது கல்யாணமான முதல் மாதமே எனக்குத் தெரிந்துபோனது. தெரிந்தும் அன்றைக்கு ஏமாந்தேன். நேரே அக்கா வீட்டுக்குப் போய், எங்களுக்கு ஸ்கூட்டர் வரப்போகிறது, நீல நிறத்தில்தான் வாங்கப்போகிறோம் என்று பெருமையடித்துவிட்டு வந்தேன்.

அந்த வாரக் கடைசியில் அவர் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிரித்தால் உள்ளே ஒரு சைக்கிள் சக்கரம். அதன் நடுவில் ஒரு மோட்டார், கூட ஒரு பேட்டரி, ஒரு கட்டு வயர். வாசலில் தன் பழைய சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்ட உட்கார்ந்துவிட்டார்.

"இருக்கிற சைக்கிளே போதும். மோட்டார் வெச்சா மேடு ஏறிடும்" என்றார். அன்றைக்கு அவர் பேச வேண்டியது அதோடு முடிந்தது.

நாங்கள் இரண்டு பேரும் நாற்பதைத் தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. வெந்நீரில் வெந்து வரும் படுக்கை விரிப்புகளை உதறி, மடித்து, தள்ளுவண்டியில் அடுக்கி மாடி மாடியாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்டுகள் நோயாளிகளைவிட அடிக்கடி படுத்துக்கொள்ளும் என்பதால் பாதி நாள் அங்கேதான் இருப்பார். ஒருநாள் எங்கள் சூப்பர்வைசர் அம்மா மூலமாக என்னைப் பெண் கேட்டார். ஏன் என்னை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அக்கா வீட்டின் பின்னறையில் எத்தனை வருஷம்தான் இருப்பது என்று சரி சொல்லிவிட்டேன்.

அக்கா அவருக்குக் கல்லுளிமங்கன் என்று பேர் வைத்தாள். சமைத்துப் போட ஆள் தேடியிருப்பார் என்று நினைக்கவும் வழியில்லை, என்னைவிட நன்றாகச் சமைப்பார். தன் துணியைத் தானே துவைப்பார். பேச்சுத்துணைக்கு என்றால் அவருக்குப் பேச்சே வராது. பிறகு எதற்குத்தான் என்னைக் கட்டினார்? இந்தக் கேள்வி ஒரு முள்ளாக உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

அவர் வீட்டில் புதிதாக எதுவும் கிடையாது. வாணலிக்குப் பிடி போய்விட்டால் எதையோ வளைத்து ஒரு பிடி வைத்திருப்பார். நாற்காலிக்கு வேறொரு நாற்காலியின் கால். எல்லாம் உறுதியாகத்தான் இருக்கும், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சக்கரத்தை அவர் பழைய சைக்கிளில் மாட்டுவதைப் பார்த்தபோது நானும் அந்த வரிசையில் ஒருத்தி என்று தோன்றிவிட்டது. தானாக ஓடிக்கொண்டிருந்த ஒரு மனுஷனின் வாழ்க்கையில், கொஞ்சம் மேடு ஏறுவதற்காக மாட்டிய மோட்டார்.

மேடு என்றால் நிஜ மேடு. எங்கள் வீடு அதன் உச்சியில் இருக்கிறது. கல்யாணமான புதிதில் வேலை முடிந்ததும் என்னைக் கேரியரில் உட்காரவைத்துக் கூட்டிவருவார். மேட்டின் அடிக்கு வந்ததும், அவர் மூச்சு வாங்குவதற்குள் நான் குதித்துவிடுவேன். அவர் சைக்கிளைத் தள்ள, நான் பக்கத்தில் நடப்பேன். நாள் முழுக்க நின்று நின்று குதிகால் வலி வந்த பிறகு பஸ்ஸுக்கு மாறிவிட்டேன். பஸ் மட்டும் மேட்டில் ஏறுமா? கீழேயே இறக்கிவிட்டுவிடும். அதற்காகத்தான் ஸ்கூட்டர் கேட்டேன். சும்மா சொகுசுக்காக இல்லை.

கோபம் இருந்தாலும் ஆசை விடவில்லை. மோட்டார் மாட்டி முடித்த அன்று கிட்டே போய், உட்கார்ந்து பார்க்கட்டுமா என்றேன். அவர் சட்டென்று கேரியர்மேல் கையை வைத்தார்.

"இன்னும் ஆள் ஏறக்கூடாது."

பழுது பார்க்கும்போது லிஃப்ட் கதவில் அவர் மாட்டிவைக்கும் பலகையில் இதே வார்த்தைதான் இருக்கும். பெண்டாட்டிக்கும் அதே பலகை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

சில நாள் கழித்து, பஸ் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தேன். கடைத்தெரு முனையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். கேரியரில் இரண்டு மூட்டைகள், பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தன. வீட்டுக்கு வந்தபோது சட்டையெல்லாம் வேர்வை. எங்கே போனீர்கள் என்று கேட்டால் சும்மா என்றார். மறுநாளும் அப்படித்தான்.

அக்கா வீட்டுக்காரரும் பார்த்திருக்கிறார். அவரிடம் ஸ்கூட்டர் இருக்கிறது, அதனால் ஊரில் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. சிமெண்ட் கடைக்கோ எதற்கோ உன் ஆள் லோடு அடிக்கிறார் போலிருக்கிறது, சம்பளம் பத்தவில்லையா என்று விசாரித்தார். அக்கா அடுப்படியிலிருந்தே சொன்னாள்:

"மூட்டைக்கு மோட்டாரு, பொண்டாட்டிக்கு பஸ்ஸா? நல்லா இருக்குடி உன் கதை."

அவர்கள் முன்னால் அவரை விட்டுக்கொடுக்க முடியுமா? ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். ஆனால் மேடு ஏறி நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் குதிகாலில் சுருக் சுருக்கென்று குத்தியது, அதைவிட அக்கா சொன்னது குத்தியது. வீட்டுக்கு வந்து, வண்டி எப்படிப் போகுது என்று கேட்டுப்பார்த்தேன். இப்போதாவது வாயைத் திறப்பார் என்று ஒரு நப்பாசை. இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அன்றைக்கே முடிவு செய்தேன். நாளைக்கு எனக்கு லீவு, அக்கா வீட்டுக்குப் போகிறேன், கொஞ்ச நாள் அங்கே இருக்கப்போகிறேன் என்று சொன்னேன். தலையாட்டினார். எத்தனை நாள் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அங்கேயே உடைந்திருப்பேன். கேட்காததால் பையை எடுத்து இருந்த துணியையெல்லாம் திணித்தேன். நான் வரும்போது கொண்டுவந்த தலையணையையும் கட்டிலிலிருந்து எடுத்தேன். நாலு நாள் தங்கப் போகிறவள் தலையணையைத் தூக்கிக்கொண்டு போகமாட்டாள். அது அவருக்குப் புரியட்டும் என்றுதான் எடுத்தேன்.

காலையில் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால், அவர் குந்தி உட்கார்ந்து கேரியரிலிருந்து மூட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தலையணையைப் பார்த்தார். மறுபடி பெல்ட்டை அவிழ்க்கப் போனவருக்குக் கொக்கி கைக்கு வரவில்லை. இருட்டுக்குள் கையை விட்டே லிஃப்டைப் பழுது பார்க்கிற மனுஷன், ஒரு கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"நான் கொண்டு விடறேன். இன்னைக்கு ஏறலாம்" என்றார்.

"நான் வரலை. உங்க லோடு கெட்டுப் போயிடப் போகுது."

"என்ன லோடு?"

"ஊரே பார்க்குது. எந்தக் கடைக்கு அடிக்கிறீங்க?"

அவருக்கு விளங்கவே இல்லை. மூட்டையின் வாயைப் பிரித்துக் காட்டினார். உள்ளே மணல். இரண்டிலும் மணல்தான்.

"கடைக்கெல்லாம் இல்லை. உங்க எடைக்கு வெச்சது."

பிறகு அவர் பேசியதுதான் நான் அவரிடம் கேட்ட நீளமான பேச்சு. லிஃப்டில் ஆள் ஏறும் முன்னால் எடையை ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். மேலே போக வேண்டும், கீழே வர வேண்டும், நடுவில் நிறுத்தினால் நிற்க வேண்டும். அதையெல்லாம் பார்க்காமல் ஓர் ஆளையும் அவர் ஏற்றியதில்லை. சைக்கிளுக்கும் அதையே செய்திருக்கிறார். வேலை முடிந்து ஒவ்வொரு நாளும் கடைத்தெரு வரை ஓட்டி, இந்த மேட்டில் மணலை ஏற்றி இறக்கியிருக்கிறார். பாதி மேட்டில் நிறுத்தினால் பிரேக் லேசாக நழுவியதாம். அதை மாற்றி, நேற்றுத்தான் கெட்டியாக நின்றதாம்.

ஸ்கூட்டர் கடைக்கும் போயிருக்கிறார். பிரேக்கை ஒரு தடவை அவிழ்த்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார். அவிழ்த்தால் வாரண்டி போய்விடும் என்று கடைக்காரர் சிரித்து அனுப்பிவிட்டாராம்.

"அவிழ்த்துப் பார்க்காத வண்டியில உங்களை எப்படி ஏத்தறது?" என்று என்னையே நியாயம் கேட்டார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அது இருக்கட்டும், என் எடை உங்களுக்கு யார் சொன்னது என்றேன். அவர் மூட்டையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"ஆஸ்பத்திரி லிஃப்ட்ல கூட்டம் ஏறும். எடை மீறினா மணி அடிக்கும். எல்லாரும் கூரையைப் பார்த்துக்கிட்டு நிப்பாங்க. நீங்க இறங்கிடுவீங்க. எப்பப் பார்த்தாலும் நீங்கதான். இறங்கினதும் எத்தனை கிலோ குறையுதுன்னு என் கையில இருக்கிற மெஷின்ல காட்டும். அது மனசுல நின்னுபோச்சு."

அவர் மூட்டையின் வாயை மறுபடி கட்டினார்.

"இங்கேயும் மேடு வந்தா நான் சொல்றதுக்குள்ள குதிச்சிடுறீங்க. இந்த ஒரு வண்டியிலயாவது நீங்க இறங்காம வரணும்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

அப்போது அழுகை வந்தது. வந்ததை நான் மறைக்கவில்லை. மணி அடித்தால் இறங்குவது எனக்கு அத்தனை பழக்கம். அக்கா கல்யாணமாகிப் போய் வீட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்தபோதும், அப்பா படுக்கையில் விழுந்தபோதும், எனக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போனபோதும் இறங்கிக்கொண்டது நான்தான். அதை யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஒருவர் பார்த்திருக்கிறார். கிலோ கணக்கில் பார்த்திருக்கிறார்.

அழுதாலும் வாய் சும்மா இருக்குமா? இந்த இரண்டு மூட்டையும் சேர்ந்தா நான், கண்ணில் என்ன கோளாறு என்று கேட்டேன். கொஞ்சம் கூடுதலாக வைத்துப் பார்ப்பதுதான் முறை என்று மிகவும் பொறுப்பாகச் சொன்னார்.

மூட்டைகளைச் சுவரோரம் இழுத்துப் போட்டுவிட்டு, பையைக் கேரியரில் கட்டுவதா ஹேண்டில்பாரில் மாட்டுவதா என்று யோசிக்க ஆரம்பித்தார். பாவம், இன்னமும் என்னை அக்கா வீட்டில் கொண்டுபோய் விடுகிற நினைப்பில்தான் இருந்தார். நான் பையை வீட்டுக்குள் தள்ளிவிட்டு, தலையணையை மடித்துக் கேரியரில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். கீழே போய்விட்டுத் திரும்பி மேலே வரலாம், வேறெங்கேயும் போகவேண்டாம் என்றேன். அவர் தலையாட்டினார். இந்தத் தடவை அதற்குச் சரி என்றுதான் அர்த்தம்.

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, முட்டைக்கூடை கொண்டுபோகிறவர் மாதிரி இறங்கினார். அடியில் வந்து திரும்பினார். எனக்குக் கால் தானாகத் தரையைத் தேடியது. அதற்குள் மோட்டார் கிர்ரென்று முனக ஆரம்பித்துவிட்டது. சைக்கிள் என்னையும் தூக்கிக்கொண்டு ஏறியது. நான் தினமும் நடந்த மேடு, வழியில் நின்று மூச்சு வாங்கும் மின்கம்பம், மூலை வீட்டுச் சுவர், எல்லாம் எனக்குக் கீழே போய்க்கொண்டிருந்தன. எதிர்க்காற்று முகத்தில் அடித்தது.

அவர் தலையைத் திருப்பாமல் ஏதோ கேட்டார். காற்றும் மோட்டாரும் பாதியைத் தின்றுவிட்டன. "பிடிச்சிருக்" வரைக்கும்தான் என் காதில் விழுந்தது. கல்யாணத்துக்கு முன்னாலும் கேட்காமல், பின்னாலும் கேட்காமல், இந்த மனுஷன் இப்போது மேட்டில் வைத்துக் கேட்கிறாரே என்றிருந்தது எனக்கு.

"பிடிச்சிருக்கு" என்றேன். போதவில்லை என்று தோன்றியதால் உரக்கவே சொன்னேன். "ரொம்பப் பிடிச்சிருக்கு."

சைக்கிள் ஓர் ஆட்டம் ஆடி, பாதி மேட்டில் நின்றது. அவர் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டார். பழக்கதோஷத்தில் நான் குதிக்கப் போனேன்.

"இறங்காதீங்க" என்றார்.

உட்கார்ந்தே இருந்தேன். பிரேக் கெட்டியாக நின்றது.

"கேரியரைக் கெட்டியாப் பிடிச்சிருக்கீங்களான்னு கேட்டேன்" என்றார், முன்னால் பார்த்தபடியே.

எனக்கு முகமெல்லாம் சூடேறியது. நானும் அதைத்தான் சொன்னேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. வேண்டாம் என்று விழுங்கினேன்.

"நான் கேரியரைச் சொல்லலை" என்றேன்.

அவருடைய பிடரியும் காதுமடலும்தான் எனக்குத் தெரிந்தன. காதுமடல் சிவந்துகொண்டே வந்தது. எதிரே ஒரு வேன் மெதுவாக இறங்கி எங்களைத் தாண்டிப் போனது.

"மோட்டார் சத்தத்துல சரியாக் கேக்கலை" என்றார் கடைசியில். "இன்னொரு தடவை சொல்லுங்க."

மோட்டார்தான் அப்போதே நின்றுவிட்டதே என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்டதைச் சொன்னேன்.