தேதி எழுதாத விண்ணப்பம்

1

இந்தக் கதை என் அக்காவின் மேசை டிராயரிலிருந்து திருடியது. அக்கா மருத்துவமனையில் காப்பீட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஒரு தையல்காரரின் கண் அறுவை சிகிச்சைக்கான விண்ணப்பம், கையெழுத்தெல்லாம் வாங்கி, தேதி மட்டும் எழுதாமல் இரண்டு மாதமாக அந்த டிராயரில் கிடக்கிறது.

காரணம் இருக்கிறது. இப்போதைய திட்டத்தில், சேரும் முன்பே இருந்த பழைய நோய்க்கு இடமில்லை. கொடுத்தால் நிராகரிப்பார்கள், பிறகு ஒரு வருடம் மறுபடி கொடுக்க முடியாது. நாடு முழுவதற்குமான புதிய காப்பீட்டுச் சட்டம் வந்தால் அவருக்குக் கிடைத்துவிடும். அதுவோ நாடாளுமன்றத்தில் மூன்று முறை தள்ளிப்போயிற்று. ஓட்டெடுப்பு நாளை என்கிறார்கள். (போன மாதமும் இப்படித்தான் சொன்னார்கள்.)

2

நான் எழுதிய முதல் வரி: 'தையல்காரர் ஆத்திரத்தோடு கவுண்டரைத் தட்டினார்.'

அக்கா படித்துவிட்டுச் சிரித்தாள்.

"அவரா? வாரா வாரம் வந்து, 'என்னம்மா, நம்ம சட்டம் எப்படி இருக்கு?'ன்னு சொந்தக்காரங்களை விசாரிக்கிற மாதிரி கேப்பாருடா. போன வாரம் என் பையோட ஜிப்பைத் தடவிப் பாத்தே சரி பண்ணிட்டாரு."

அந்த வரியை அடித்தேன். 'தையல்காரர் சோகமாக' … இதுவும் வேண்டாம்.

[கண் மங்கிய மனிதர் இவ்வளவு நிம்மதியாக இருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். ஊசியில் நூல் கோப்பது இப்போது அவர் மனைவிதான். "முப்பது வருஷத்துல இப்பதான் பக்கத்துலயே உக்காந்திருக்கா" என்றாராம். சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன். ஆனால் அறுவை சிகிச்சையை இனியும் தள்ளினால் பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அது எனக்குப் பயமாக இருக்கிறது.]

3

முடிவு ஒன்று: சட்டம் நிறைவேறுகிறது. அக்கா தேதி போடுகிறாள்.

முடிவு இரண்டு: மறுபடியும் தள்ளிப்போகிறது. அக்கா டிராயரைத்

நான் எழுதி முடிப்பதற்குள் அக்கா இரண்டையும் அடித்துவிட்டாள்.

"வந்துடுச்சுன்னு நீ எழுதி, வராமப் போனா, உன் கதையைக் கையில வச்சுக்கிட்டு என் கவுண்டர்ல கூட்டம் நிக்கும். வரலைன்னு எழுதினா அவரு மனசு விட்டுடுவாரு."

"அவரால எங்கக்கா படிக்க முடியும்?"

"அவரு வீட்டம்மா படிச்சுக் காட்டுவாங்க. பேப்பர்ல ஒரு வரி விடமாட்டாங்க. உன் கதையைக்கூட!"

சரி. அம்மா, இதை நீங்கள் உங்கள் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தால் இங்கே நிறுத்திவிடுங்கள். இது அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் ஓட்டெடுப்பு முடிந்திருக்கும். எனக்குத் தெரியாத முடிவு உங்களுக்குத் தெரியும். அதை நீங்களே சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் சொன்னால், அவர் எதையும் கேட்டுக்கொள்வார்.