பதினெட்டு போல்ட்டுகள்

"தண்ணி எறங்கலையே" என்றார் பள்ளிவாசல் லெப்பை. சாய்த்த சொம்பைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

பலகையில் கிடத்தியிருந்த மையித்தின் இடது கையைத் தூக்கிப் பிடித்திருந்த பிச்சை முகம்மது குனிந்து பார்த்தான். அண்ணன் சேக் முகைதீனின் கட்டைவிரலிலும் அதை அடுத்த இரண்டு விரல்களிலும், நகக்கண்ணிலிருந்து முதல் கணுவரை, சிவப்பாக ஒன்று அப்பியிருந்தது. ஊற்றிய தண்ணீர் அதில் ஒட்டாமல் உருண்டு பலகையில் விழுந்தது.

"என்னப்பா இது, பெயிண்டா?"

"பசை. எஞ்சின்ல வைக்கிறது."

"எதுவா இருந்தாலும் எடுக்கணும். தோல்ல தண்ணி படலைன்னா குளிப்பாட்டுனதா ஆகாது. செத்த நேரம் ஆனாலும் பரவாயில்ல. உசுரோட இருக்கிறவனுக்கு எப்பிடி எடுப்பியோ, அப்பிடி எடு."

பிச்சை தன் நகத்தால் சுரண்டினான். காய்ந்த பொருக்காக உதிரும் என்று எதிர்பார்த்தான். அது உதிரவில்லை; பலாப் பிசின்போல் நூலிழையாக இழுபட்டது. மேலே காய்ந்து, உள்ளே இன்னும் இளகி இருந்தது. மூன்று விரல்களையும் சுத்தம் செய்யக் கால்மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால்மணி நேரமும் அவன் அண்ணனைப் பற்றி நினைக்கவில்லை. விரலில் இளகியிருக்கும் பசை, ராஜபாளையத்துப் பட்டறையிலும் இளகித்தான் இருக்கும் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தான்.

பட்டறையில் இருந்தது ஒரு ஜப்பான் காரின் எஞ்சின். தூத்துக்குடித் துறைமுகத்தில் உப்புக்காற்றில் கிடந்து, பழைய இரும்பு விலைக்கு வந்தது. மற்ற எஞ்சின்களில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். இதில் இடுப்புச் சிறுத்த ஒரு கூட்டுக்குள் முக்கோணக் கட்டி ஒன்று சுழலும். "பணியாரச் சட்டிக்குள்ள சமோசா சுத்துது" என்பான் வெல்டர் தங்கச்சாமி. கோணிப்போயிருந்த இரும்புத் தட்டுகளைச் சேக் முகைதீன் ஜவுளிக்கடையில் உடைந்த கண்ணாடிப் பலகைமேல் வைத்துக் கையாலேயே தேய்த்துச் சமமாக்கினார். முக்கோணத்தின் முனைகளில் நிற்கவேண்டிய பட்டைகளை, லாரி எஞ்சினின் லைனர் இரும்பை அறுத்துப் பிச்சை இழைத்துக் கொடுத்தான். உள்ளூரில் செய்யமுடியாதவை, தண்ணீரையும் நெருப்பையும் பிரித்துவைக்கும் ரப்பர் வளையங்கள் மட்டும்தான். ஒரு கப்பல் சமையற்காரர் மூலம் அவை வந்துசேர இரண்டு வருடம் ஆயிற்று. வந்தது ஒரே ஒரு செட்.

மதுரையிலிருந்து ரேஸ்காரர் ஒருவர் வந்து பார்த்திருந்தார். "இந்த எஞ்சின்ல பவர் வரும் பாய், ஆனா நிக்காது. சோழவரம் ரேஸ்ல மூணு நாள் பிரிக்காம ஓடுச்சுன்னா என் கார்ல வைக்கிறேன்" என்றார். அதற்குச் சேக் முகைதீன் சொன்னார்: "எரநூறு குதிரை யாரு வேணாலும் கட்டிரலாம் சார். ஓடிட்டு வீட்டுக்கு வரணும்லா."

அன்று அதிகாலை சுபுஹு தொழுதுவிட்டு, வெயில் ஏறுமுன் அவர் எஞ்சினைக் கோத்தார். தட்டு, கூடு, தட்டு என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து அடுக்கு. இடையிடையே ரப்பர் வளையமும் சிவப்புப் பசையும். எல்லாவற்றையும் ஊடுருவிப் பதினெட்டு நீள போல்ட்டுகள். சாக்பீஸால் எண்ணிட்ட வரிசைப்படி, மூன்று சுற்றாக அவற்றை இறுக்கவேண்டும். முதல் சுற்றில் ஏழாவது போல்ட்டை இறுக்கியவர், ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். தங்கச்சாமி அவரை லோடு வேனில் ஏற்றிக்கொண்டு, வீடும் பெரிய ஆஸ்பத்திரியும் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விரைந்தான். மம்சாபுரம் விலக்கைத் தாண்டும்போது உயிர் இல்லை.

பசை தடவியது ஐந்தரை மணிக்கு. எட்டு மணி நேரத்தில் இறுகிவிடும். இறுகிய பசைமேல் போல்ட்டை முறுக்கினால் பசை வெடிக்கும், வளையம் பள்ளத்தைவிட்டுப் பிதுங்கும், அண்ணனின் எஞ்சின் முதல் நாளே தண்ணீர் குடிக்கும். நிக்காது என்ற ரேஸ்காரரின் சொல்லே நிற்கும். இப்போது மணி பதினொன்று.

கபன் துணி உடுத்தி முடித்ததும் லெப்பை முற்றத்தில் வந்து நின்றார். "உச்சிக்கு லுஹர் தொழுதுட்டு எடுத்துருவோம்." கூடியிருந்தவர்கள் தலையசைத்தார்கள்.

"சாயங்காலம் அசருக்கு வச்சிக்கிடுவோம்" என்றான் பிச்சை. "கடையநல்லூர் மாமா வரணும்."

"சேதி போயிருச்சா?"

"போன்ல டிரங்கால் போட்டாச்சு."

"மையித்தைக் காக்க வைக்கப்படாதுப்பா. ஒனக்குத் தெரியாததா? மாமா பொறவு வந்து கபர்ல நின்னு துவா செய்யட்டுமே."

திரைக்குப் பின்னாலிருந்து அண்ணன் மனைவி நசீமாவின் குரல் வந்தது. அழுது கம்மிய குரல். ஆனால் சொற்கள் தெளிவாக இருந்தன.

"மாமா அவிய மொகத்தைப் பாக்கட்டும். அசருக்கே எடுங்க."

லெப்பை சரி என்று தலையாட்டினார். பிச்சை திரையைப் பார்த்தான். போன மாதம் கடையநல்லூர் போய் மாமாவைப் பார்த்துவந்தவள் நசீமாதான். படுக்கையில் புரண்டு படுக்கவும் ஆள் வேண்டியிருக்கிறது என்று வந்து சொன்னவளும் அவள்தான். திரை அசையவில்லை.

"பட்டறை தொறந்து கெடக்கு. பூட்டிட்டு வாரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பிச்சை வெளியேறினான்.

மையித்தை வீட்டில் சேர்த்துவிட்டுப் பட்டறைக்குத் திரும்பியிருந்த தங்கச்சாமி, தன் சட்டையைக் கழற்றி எஞ்சின்மேல் தூசி படாமல் போர்த்திவிட்டு, பனியனோடு காவல் இருந்தான்.

"நீ தொடலைல்ல?"

"எங்கையி வெல்டிங் கையி, முறுக்குனா போல்ட்டு தலையோட வந்துரும்னு அண்ணாச்சி எம்புட்டு வாட்டி ஏசியிருக்காரு. நான் ஏன் தொடப்போறேன்?" என்றவன், சற்றுப் பொறுத்து, "நீங்க இங்க எதுக்கு வந்தீய?" என்று கேட்டான்.

பிச்சை ரெஞ்சை எடுத்துத் துடைத்தான். தங்கச்சாமி அவனையே பார்த்தான். பிறகு சட்டையை எடுத்து உதறி ஆணியில் மாட்டிவிட்டு, இறுக்கத்தின் அளவைக் காட்டும் ரெஞ்சின் முள்ளைப் பார்க்க வாகாகக் குந்தி உட்கார்ந்தான்.

"மொதல்ல இருந்தா, விட்ட எடத்துல இருந்தா?"

அதுதான் கேள்வி. ஒரு சுற்று ஒரே ஆளின் கையால் நடக்கவேண்டும். கை மாறினால் முழுவதையும் தளர்த்திவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும். அது சேக் முகைதீன் வகுத்த விதி. அதை மீறியதற்காக ஒருமுறை பிச்சையை இரண்டு நாள் பட்டறைக்குள் விடாமல் வைத்திருந்தார். பிச்சை ஒன்றாம் எண்ணின்மேல் ரெஞ்சைப் பொருத்தினான். சிறிது நேரம் அப்படியே பிடித்திருந்தான். பின்பு உருவி எடுத்தான்.

"எட்டுல இருந்து" என்றான்.

எட்டு முதல் பதினெட்டு வரை முதல் சுற்று. இரண்டாம் சுற்றை ஒன்றிலிருந்து தொடங்கினான். முதல் ஏழு போல்ட்டுகளும், முதல் சுற்றுக்கு உரிய அளவை முள் எட்டும்வரை அசையவில்லை; எட்டியதும் ஏழும் ஒன்றுபோல் நகர்ந்தன. "ஒரு முள்ளு கூடல, கொறையல" என்றான் தங்கச்சாமி. பிச்சை ரெஞ்சை எட்டாம் எண்ணுக்கு மாற்றினான். மூன்றாம் சுற்று முடிந்தபோது மணி ஒன்று இருபத்தைந்து. அடுக்குகளின் விளிம்பில் சிவப்புப் பசை சீரான ஒரு கோடாகப் பிதுங்கி நின்றது.

திரும்பி வந்தபோது முற்றத்தில் பேச்சு அடங்கியது. அசருக்கு முன்னால் லெப்பை கேட்டார்: "மாமா?"

"வரல."

லெப்பை அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சந்தூக்கைத் தூக்குங்கப்பா" என்றார். பிச்சை அதன் முன்வலது காலுக்குத் தோள்கொடுத்தான். கபர்ஸ்தானில் மூன்று பிடி மண் போட்டான். கடையநல்லூரைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. தகவல் சொல்லப்படாத மாமாவுக்கு மறுநாள் அவனே போய்ச் சொன்னான். அவர் சுவரைப் பார்த்தபடி நெடுநேரம் அழுதார். ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று பிச்சைக்கு இருந்தது.

ஏழாம் நாள் பட்டறையைத் திறந்தான். எஞ்சினின் தண்ணீர்ப் பாதையை நிரப்பி, திறப்புகளை அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றழுத்தம் கொடுத்தான். ஒரு சொட்டு கசிந்தாலும் தெரிய, அடியில் அன்றைய செய்தித்தாளின் ஒரு முழுத் தாளை விரித்தான். ஒரு பகலும் ஓர் இரவும் அப்படியே விட்டான். மறுநாள் காலை தாளை உருவி, மடிக்காமல் சுருட்டி எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினான்.

கணவனை இழந்தவர்கள் திரைக்குள் இருக்கும் இத்தாவில் இருந்தாள் நசீமா. பிச்சை திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தான்.

"மதினி, ஒரு பேப்பர் கொண்டாந்திருக்கேன்."

"என்ன பேப்பரு?"

"எஞ்சின் அடியில போட்டிருந்தது. நேத்துக் காலையில இருந்து."

உள்ளே வளையல் இல்லாத அசைவு ஒன்று கேட்டது.

"காத்து அடிச்சியளா?"

"அடிச்சேன். பதினஞ்சு பவுண்டு வரைக்கும்."

"பதினஞ்சுக்கு மேல போவப்படாதுன்னு சொல்லுவாவ."

"போகலை மதினி."

திரையின் கீழ் விளிம்பு சற்று உயர்ந்தது. ஒரு கை வெளியே வந்து தாளை வாங்கிக்கொண்டது. உள்ளங்கை தாளின்மேல் மெதுவாக, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, ஓரிடமும் விடாமல் நகரும் ஓசை கேட்டது. திருப்பிப் போட்டு இன்னொரு முறை.

"காஞ்சு கெடக்கு" என்றாள்.

"ஆமா."

தாளைத் திருப்பித் தருவாள் என்று அவன் காத்திருந்தான். உள்ளே அது மடிபடும் ஓசை கேட்டதும் எழுந்தான். ஒரு மடிப்பு. இன்னொரு மடிப்பு. மேற்கொண்டு மடிக்கமுடியாத கனத்துக்கு அது வந்துவிட்ட பிறகும், அவன் வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.