கைமாறிய தாம்பூலம்

தில்லி கிட்வாய் நகர்த் தமிழ்ப் பெண்களைக் கூட்டி வைத்து எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசிவிடலாம். சம்பளக் கமிஷன், சர்க்கரை, மருமகள், பக்கத்து டவரின் லிஃப்ட் ரிப்பேர், எதுவானாலும் ஆளுக்கொரு அபிப்பிராயம் தயாராக இருக்கும். கர்ப்பப்பை வாய் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அத்தனை பேருக்கும் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்துவிடும்.

எனக்கு உத்தியோகமே அதைப் பேசுவதுதான். பெயர் சுபாஷிணி, ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுத் திட்டத்தில் ஒப்பந்த ஊழியர். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் உடம்பில் இருக்கிறதா என்று பார்க்க இப்போது டாக்டர் முன்னால் போய்ப் படுக்க வேண்டியதில்லை. பெண்களே வீட்டுக் குளியலறையில் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். ஒரு பஞ்சுக் குச்சி, ஒரு சின்னக் குழாய், அவ்வளவுதான். டாக்டர் எடுப்பதற்குக் கிட்டத்தட்ட இணையாக இது இருக்கிறது என்று பல நாடுகளில் ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். முப்பது வயது தாண்டிய பெண்கள் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று அரசாங்கமும் சொல்கிறது. பிறகு ஏன் யாரும் செய்துகொள்வதில்லை? வெட்கம்தான் காரணம் என்று அப்போது நினைத்திருந்தேன். அந்த வெட்கத்தைத் தாண்ட வைக்க முடியுமா என்பதே எங்கள் ஆய்வு. எங்கள் காலனி அதற்குத் தேர்வான இடங்களில் ஒன்று.

காலனி ஹாலில் கூட்டம் போட்டேன். காபி, போண்டா எல்லாம் உண்டு. கையெழுத்துப் போடச் சொன்னதும் சர்க்கார் குடும்பத்துப் பெண்கள் மளமளவென்று போட்டார்கள். எங்கள் ஊரில் கையெழுத்துக்குப் பஞ்சமே இல்லை. அனந்தலக்ஷ்மி மாமி ஒருத்திதான், இதெல்லாம் எனக்கு வேண்டாம் என்று பேனாவைத் தொடாமல் எழுந்து போனாள். போட்டவர்களிலும் அந்தப் பழுப்பு உறையை ஹாலிலிருந்து எடுத்துப்போக ஒருத்திக்கும் துணிச்சல் இல்லை. கேட்டில் செக்யூரிட்டி பார்ப்பானாம், லிஃப்டில் கணவரின் மேலதிகாரி ஏறுவாராம்.

அடுத்த வாரம் நவராத்திரி. என் வீட்டில் கொலு உண்டு. வெற்றிலை பாக்குப் பையில் அடியில் உறையை வைத்துக் கொடுத்துவிட்டால் என்ன? யார் பையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். யோசனையைச் சொன்னபோது என் கணவர் சந்திரசேகர், தாம்பூலத்தில் இதையுமா வைப்பார்கள் என்று தலையில் கைவைத்துக்கொண்டார். சுண்டலைச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போட்ட ஒவ்வொருத்திக்கும் அவரவர் எண் ஒட்டிய உறை, மேலே ரவிக்கைத் துண்டு, மஞ்சள், குங்குமம், சீப்பு, தேங்காய். உபயோகித்த குழாயைப் போட எங்கள் மாடிப்படி அடியில் பூட்டிய பெட்டி ஒன்று. முடிவு போனில் வரும். ரொம்பவும் பெருமையாக இருந்தது.

பெருமைப்படுகிற நேரத்தில் ஒன்றை யோசித்திருக்கலாம். நவராத்திரிப் பையை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? பத்து வீட்டுக்குப் போனால் பத்துப் பை வரும். அந்தப் பத்தையும் நம் வீட்டுக்கு வருகிற பத்துப் பேருக்குக் கொடுத்துவிடுவோம். எங்கள் காலனியில் ஒரு கத்திரிப்பூ நிற ரவிக்கைத் துண்டு நாலைந்து வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. யாருக்கும் அது அளவாகப் போவதில்லை, யாரும் அதைத் தைத்ததும் இல்லை. முதலில் வாங்கினவள் நான்தான் என்பது எனக்கும் கடைக்காரருக்கும் மட்டுமே தெரியும். இதெல்லாம் தெரிந்திருந்தும் என் மூளை வேலை செய்யவில்லை.

தீபாவளிப் புகை இன்னும் வானத்தை விட்டு இறங்காத ஒரு நாளில் முடிவுகள் வந்தன. எல்லாம் நல்லபடியாக இருந்தன, ஒன்றைத் தவிர. வீரியமான வகை வைரஸ். புற்றுநோய் என்று அர்த்தமில்லை, ஆனால் மேற்கொண்டு பார்க்காமல் விட்டால் ஒருநாள் ஆகலாம். எண்ணைப் பார்த்தேன். ராஜம் மாமியுடையது.

ராஜம் மாமி ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். ஐம்பது தாண்டியவள். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை ஃபைல் படிப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"சுபா, அது என்னோடது இல்லை," என்றாள். "நான் அந்தப் பையைப் பிரிக்கவே இல்லை. தேங்காயை மட்டும் எடுத்துண்டு, மறுநாள் வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன்."

வைரஸ் இருக்கிறது என்று சொன்னபோது சிவக்காத முகம் இதைச் சொல்லும்போது சிவந்துவிட்டது. யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். வாய் திறக்கவே அவளுக்கு மனசில்லை. கடைசியில் அனந்தலக்ஷ்மி என்றாள். யாருடைய மாதிரி அது என்று கண்டுபிடித்தால் தன்னிடம் சொல்ல வேண்டாம், தனக்கு அது தெரியக் கூடாது என்றும் சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்காக அவள் எடுத்துக்கொண்ட தேங்காயை மன்னித்தேன்.

லிஃப்டுக்குக் காத்திருக்கையில்தான் விஷயம் முழுதாகப் புரிந்தது. பேனாவையே தொடாத அனந்தலக்ஷ்மி மாமி செய்திருக்க மாட்டாள், அவளிடமிருந்து பை போய்ச் சேர்ந்த யாரோ ஒருத்திதான் மாதிரியைக் கொடுத்திருக்கிறாள். அவள் யார் என்று தெரியாது, அவள் போன் எண் எங்களிடம் இல்லை. போன் வரவில்லை, அப்படியானால் நமக்கு ஒன்றுமில்லை என்று இந்த நிமிஷம் எங்கேயோ நிம்மதியாகக் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். அவளை நான் கண்டுபிடிக்காவிட்டால் வேறு யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

அனந்தலக்ஷ்மி மாமி எதிர் டவர். என்னைக் கண்டதும் எதற்கு வந்திருக்கிறேன் என்று புரிந்துகொண்டாற்போல உட்காரக்கூடச் சொல்லவில்லை. ராஜம் கொடுத்த பை என்று ஆரம்பித்ததும், அதை அப்போதே குப்பையில் போட்டாகிவிட்டது என்றாள்.

"மஞ்சள் குங்குமத்தோடயா மாமி?" என்று கேட்டேன்.

மஞ்சள் குங்குமத்தைக் குப்பையில் போடுகிற சுமங்கலி எங்கள் காலனியில் இன்னும் பிறக்கவில்லை. அதை இன்னொரு சுமங்கலி கையில்தான் கொடுத்தாக வேண்டும்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மஞ்சு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மாமி வீட்டில் வெகுகாலமாக வேலை செய்கிறவள். பூர்வீகம் கள்ளக்குறிச்சிப் பக்கம், பிறந்து வளர்ந்ததெல்லாம் தில்லி. இருந்த குடிசைகளை இடித்தபிறகு தில்லியின் வடகோடியான நரேலாவில் ஒரு வீடு கிடைத்து, அங்கிருந்து பஸ்ஸும் மெட்ரோவுமாக மாறி மாறி வந்துபோகிறாள்.

"அந்தப் பை என்கிட்டதான்கா வந்துச்சு," என்றாள். "நான் பண்ணி உங்க டப்பாவுல போட்டுட்டேனே. படமெல்லாம் போட்டிருந்துச்சு. ஏன்க்கா, சரியாப் பண்ணலையா?"

தமிழில் அந்த விளக்கத் தாளை எழுதியவள் நான். படிக்க வேண்டிய ராஜம் மாமி பிரித்துக்கூடப் பார்க்காததை இவள் படித்திருக்கிறாள். தனியாகப் பேசணும், மொட்டை மாடிக்கு வா என்று கூப்பிட்டேன். அம்மாவுக்குத் தெரியாமல் எனக்கென்ன ரகசியம், இங்கேயே சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். வைரஸ் என்றால் என்ன, எதற்கெல்லாம் பயப்பட வேண்டாம், எதற்காக உடனே வர வேண்டும், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள். பெண்ணுக்குப் பதினான்கு வயது, அவளுக்கும் இது வந்திருக்குமா என்பதுதான் முதல் கேள்வி. வந்திருக்காது, இனி வராமலிருக்க அவளுக்குத் தடுப்பூசி போட்டுவிடலாம் என்றதும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"போன் வரல, அச்சா, நல்லாத்தான் இருக்கோம்னு இருந்துட்டேன்," என்றாள். பிறகு மாமியைப் பார்த்தாள். "அம்மா மட்டும் குடுக்கலன்னா தெரியாமலே போயிருக்கும். வருஷா வருஷம் ரவிக்கைத் துணிதான் வரும். இந்த வாட்டி உள்ள இது இருந்துச்சு. நம்ம உடம்பப் பத்திக்கூட ஒருத்தங்க நெனைக்கிறாங்களேன்னு இருந்துச்சுக்கா. அதான் அன்னைக்கே பண்ணிட்டேன்."

நான் மாமியைப் பார்க்கவில்லை. பார்த்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். மாமி சும்மா இருந்திருக்கலாம். செய்யாத புண்ணியம் தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது, முந்தானையில் முடிந்துகொண்டு போயிருக்கலாம். உள்ளூர எனக்கும் அவள் சும்மா இருந்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது.

"இல்லைடி மஞ்சு," என்றாள் மாமி. "உனக்குன்னு நெனச்சு நான் கொடுக்கலை. பிரிச்சுப் பார்த்தேன், பயந்துட்டேன். ஆத்துல வெச்சுக்க முடியலை. உன் தலையில கட்டிட்டேன்."

அவளுடைய அக்கா இந்த வியாதியில்தான் போனாளாம். வெளியே சொல்லக் கூடாது என்று வீட்டில் எல்லோரும் வயிற்று வலி என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அக்காவே சாகும்வரை அதை வயிற்று வலி என்றுதான் நினைத்திருந்தாளாம். ஹாலில் நான் பேச ஆரம்பித்தபோதே மாமிக்கு எழுந்து ஓடிவிட வேண்டும்போல இருந்திருக்கிறது. வேண்டாமென்று விட்டு வந்ததே ராஜத்தின் பையில் வீடு தேடி வந்ததும், அக்காவே வந்து நிற்கிற மாதிரி ஆகிவிட்டதாம். இதையெல்லாம் மாமி நின்றபடியே சொன்னாள். அழவில்லை.

மஞ்சு "ஓ" என்று மட்டும் சொன்னாள். உள்ளே போய்க் கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பாமலே, நாளைக்கு லீவு வேண்டும் என்றாள். நானும் கூட வருகிறேன் என்றாள் மாமி. வேண்டாம் என்றாள் மஞ்சு. அந்த வீட்டில் அவள் சொன்ன முதல் 'வேண்டாம்' அதுவாகத்தான் இருக்கும்.

வெளியே வந்து டாக்டர் அபூர்வாவுக்குப் போன் செய்தேன். ஆய்வுக்குப் பொறுப்பு அவர்தான். நரேலா நம் ஆய்வு எல்லைக்குள் வராதே என்று அவர் ஆரம்பித்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவள் பகல் முழுக்க இருப்பது நம் எல்லைக்குள்தானே டாக்டர், எங்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் அவள் கையால்தானே துலங்குகிறது, இங்கே தூங்குகிறவர்களுக்குத்தான் கர்ப்பப்பை உண்டா என்று கேட்டேன். கேட்டபிறகுதான், ஹாலில் கூட்டம் போட்ட அன்று போண்டாத் தட்டை எல்லோருக்கும் நீட்டிக்கொண்டு போனது மஞ்சு என்பது உறைத்தது. அவளை உட்காரச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. வெட்கம்தான் காரணம் என்று நினைத்தேனே, இவளை யார் கேட்டோம், இவள் வெட்கப்படுவதற்கு?

மறுமுனையில் டாக்டர் பேனாவைத் தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு, அவள் பெயருக்குப் புதிதாகப் பதிவு போடுகிறேன், நாளைக் காலையிலேயே கூட்டி வாருங்கள் என்றார்.

மறுநாள் ஐ.என்.ஏ. மெட்ரோ வாசலில் மஞ்சுவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியில் வலிக்குமா என்று கேட்டாள், கொஞ்சம் என்றேன். மகளிர் பிரிவு வாசலில் எங்களுக்கு முன்னாலேயே அனந்தலக்ஷ்மி மாமி உட்கார்ந்திருந்தாள். ஸ்வெட்டரைத் தப்பான பக்கம் திருப்பிப் போட்டிருந்தாள். மஞ்சு அவளைப் பார்த்தாள், ஓர் இருக்கை விட்டு உட்கார்ந்தாள். யார் எந்தப் பேச்சை எடுப்பது என்று தெரியாமல் நடுவில் நான் விழித்துக்கொண்டிருந்தேன். பெயர் கூப்பிட்டதும் மஞ்சு எழுந்தாள். தன் பையையும் போனையும் என்னிடம் நீட்டுவாள் என்று கையை நீட்டினேன். அவள் அவற்றை மாமியின் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

டாக்டர் பார்த்தார். ஆரம்ப நிலை மாற்றம் இருந்தது, புற்றுநோய் இல்லை. சூடு வைத்து அந்த இடத்தை மட்டும் அழித்துவிடலாம் என்று சொல்லி அப்போதே செய்தும் முடித்துவிட்டார். அடுத்த வருஷம் மறுபடியும் வந்து பார்த்துக்கொண்டால் போதும். மஞ்சு வெளியே வந்து, "முடிஞ்சுருச்சுக்கா," என்றாள். அழுது முடித்த கண் சிரித்தது. மாமி அவள் பையை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி எழுந்தாள்.

"சுபா," என்றாள் என்னிடம், "எனக்கும் ஒண்ணு கொடு. இங்கேயே பண்ணிடறேன். ஆத்துக்கு எடுத்துண்டு போனா மறுபடியும் யார் தலையிலாவது கட்டிடுவேன்."

அன்று தொடாத பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். உறையை வாங்கிப் பிரித்துக் குச்சியைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. நான் விளக்க வாயெடுப்பதற்குள் மஞ்சு அதை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டாள். எந்தப் பக்கம் பிடிப்பது, எவ்வளவு தூரம், எப்படிச் சுற்றுவது என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொடுத்தாள். என் விளக்கத் தாளில் இருந்த அத்தனையும் அவள் சொன்னதில் இருந்தது. தாளில் இல்லாத ஒன்றையும் சொன்னாள், மூச்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள் என்று. இரண்டு பேரும் தாழ்வாரத்துக் கோடியில் இருந்த குளியலறைக்கு நடந்தார்கள். மாமி உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

நேரம் ஆயிற்று. வரிசை சேர்ந்துவிட்டது. பருமனான ஒரு பெண்மணி பொறுமையிழந்து, ஜல்தி கரோ என்று கதவைத் தட்டக் கையை ஓங்கினாள். மஞ்சு கதவை மறைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே பெரியவர் இருக்கிறார், நேரமாகும், வேறு மாடிக்குப் போங்கள் என்று இந்தியில் கறாராகச் சொன்னாள். பிறகு கதவோடு வாயை வைத்துப் பேசினாள்.

"மெதுவாப் பண்ணுங்கம்மா. நான் இங்கதான் நிக்குறேன்."