அழைத்துப்போக ஆள் வரவில்லை

அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்கு நோயைத் தெரியும், நர்ஸுகளுக்கு நோயாளியின் மச்சான் சண்டை வரைக்கும் தெரியும், நிர்வாக மேலாளருக்குக் கட்டிலைத் தெரியும். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்குக் கட்டில்காரர் என்று பெயர். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. எட்டியபோது கோபப்படுவதற்குப் பதிலாக உச்சி குளிர்ந்துபோனார் என்றால், மனிதர் எப்பேர்ப்பட்டவர் என்று புரிந்துகொள்ளலாம்.

எந்தக் கட்டிலில் யார், எப்போது எழுந்திருப்பார், அடுத்தது யார் என்பதுதான் அவர் வேலை. கேட்க லேசாக இருக்கும். ஒரு கட்டில் காலியாகாவிட்டால் ஆபரேஷன் முடிந்தவரைக் கொண்டுவந்து படுக்க வைக்க இடமிருக்காது. அவரை நகர்த்தாவிட்டால் தியேட்டருக்குள் அடுத்த ஆள் போக முடியாது. அடுத்த ஆள் போகாவிட்டால் வெறும் வயிற்றோடு காலையிலிருந்து காத்திருக்கிற ஒரு ஜீவன் வந்து கட்டில்காரரின் சட்டையைப் பிடிக்கும். டாக்டர் காலையிலேயே "நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். வீட்டு ஆட்களோ வேலை முடிந்து, குளித்து, தலைசீவி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆடி அசைந்து வருவார்கள். அதுவரைக்கும் நோயாளி தேமே என்று கட்டிலில் உட்கார்ந்திருப்பார்.

இதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஆள் வரவில்லையென்றால் முதலில் உதவி மையத்துப் பெண் கூப்பிடுவாள். அவள் வேலைக்குச் சேர்ந்து இன்னும் சம்பளம்கூட வாங்கவில்லை. குரல் இனிமையைப் பார்த்துக் குயில் என்று அதற்குள் பெயர் வைத்துவிட்டார்கள். குயிலுக்கு மசியாதவர்களை வார்டின் பெரிய சிஸ்டர் கூப்பிடுவார். அவருக்கும் மசியவில்லையென்றால் மூன்றாவது அழைப்பு கட்டில்காரருடையது. திட்ட மாட்டார். "உங்க வீட்டு மனுஷங்கதானே, நீங்க வராம வேற யாருங்க வருவா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருக்கும். எதிர்முனையில் இருப்பவர் அரை மணியில் வண்டியோடு வந்து நிற்பார். இந்த வெற்றியை அவர் கூட்டங்களில் சொல்லாத நாள் கிடையாது.

அன்றைக்கு அவருக்குத் தலைக்கு மேல் வேலை. போதாக்குறைக்கு எதிர் நாற்காலியில் வேன் அம்மா.

வேன் அம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வலது தோளில் தசைநார் கிழிந்து, கையை மூக்குக்கு மேல் தூக்க முடியாது. ஆபரேஷனுக்கென்று ஏற்கெனவே இரண்டு தடவை பட்டினியாக வந்து, கட்டில் இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டவர். தோள் டாக்டர் இன்று இரவு விமானம் ஏறினால் திரும்பிவர மாதக்கணக்காகும். பள்ளி திறக்கும்போது கை சரியாகவில்லையென்றால் வேறு டிரைவரைப் போட்டுக்கொள்வதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் பெண்கள் வார்டில் ஒரு கட்டில் உறுதியானால்தான் தியேட்டருக்குள் விடுவார்கள். "இன்னைக்கு உங்க கட்டில் என் பொறுப்பு" என்று கட்டில்காரர் காலையில் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த அம்மாவும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, பொறுப்பை எப்படி நிறைவேற்றுகிறார் என்று பார்க்க அவர் அறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இதற்கிடையில் அவருடைய மனைவியும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். பித்தப்பையில் கல். முந்தாநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெளியூரிலிருக்கும் மகள் புறப்பட்டு வருகிறேன் என்றபோது, "நான் ஆஸ்பத்திரியிலேயேதானே இருக்கேன், நீ எதுக்கு?" என்று தடுத்தவர் இவர்தான். மூன்றாவது மாடியில் தனி அறை எடுத்துக் கொடுத்தார். ஆபரேஷன் அன்று சாயங்காலம் போய் ஐந்து நிமிஷம் நின்றார். நேற்று போக நினைத்தார், நினைத்ததோடு சரி. இன்று காலையில் அவளே போன் செய்து, டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றுவிட்டதாகச் சொன்னாள். சாயங்காலம் வேலை முடித்துவிட்டு வந்து கூட்டிப் போவதாகவும், அதுவரை அறையில் நன்றாக ஓய்வெடுக்கும்படியும் இவர் சொன்னார். "இல்லைங்க, நான் இப்ப..." என்று அவள் ஏதோ ஆரம்பித்தாள். அதற்குள் மேஜை போன் அடித்தது.

மத்தியானம் நெருங்கியது. பெண்கள் வார்டில் எல்லாக் கட்டில்களும் நிறைந்திருந்தன. ஒன்றில் மட்டும், ஜன்னலோரக் கட்டிலில், காலையிலேயே போகச் சொன்ன நோயாளி இன்னும் போகாமல் இருந்தார். காரணம் வழக்கமானதுதான், அழைத்துப்போக ஆள் வரவில்லை. குயில் கூப்பிட்டுப் பார்த்தாளாம், எடுக்கவில்லை. பெரிய சிஸ்டர் கூப்பிட்டாராம், எடுக்கவில்லை.

கட்டில்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். இப்போது பாருங்கள் என்பது போல் வேன் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேஜை போனை எடுத்தார். அந்த வீட்டுக்கு லைன் போட்டு எனக்குக் கொடு என்றார். குயில் லைன் போட்டாள்.

மேஜை மேலிருந்த அவருடைய சொந்த செல்போன் அடித்தது. திரையில் ஆஸ்பத்திரி நம்பர், காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. யாரோ உள்ளேயிருந்து கூப்பிடுகிறார்கள், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று வெட்டிவிட்டார்.

எதிர்முனையில் வெட்டிவிட்டார்கள் என்று குயில் வருத்தத்தோடு சொன்னாள்.

கட்டில்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பெற்றவளோ பெண்டாட்டியோ, ஆபரேஷன் முடிந்து உட்கார்ந்திருக்கிறாள், போனை வெட்டுகிறான் பார், இவனெல்லாம் என்ன மனிதன் என்று வேன் அம்மாவிடம் கேட்டார். கல்நெஞ்சுக்காரன்தான் என்று அந்த அம்மாவும் ஒத்துக்கொண்டார். மறுபடி போடு என்றார். செல்போன் மறுபடி அடித்தது. வேலை நேரத்தில் யாரப்பா இந்தத் தொல்லை என்று, மேஜை போனை வலது காதிலேயே வைத்துக்கொண்டு, செல்போனை எடுத்து இடது காதில் வைத்தார்.

"யாருங்க? முக்கியமான கால்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடுங்க."

"சார், எடுத்துட்டாங்க" என்றாள் குயில், இரண்டு காதிலும். "முக்கியமான கால்ல இருக்காங்களாம்."

வேன் அம்மா மின்விசிறியை வெகு அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார். கட்டில்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. குயிலுக்கு இன்னும் விளங்கவில்லை. சார், நீங்க பேசறீங்களா என்று இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது மாடியில் இருக்க வேண்டியவள் பெண்கள் வார்டுக்கு எப்படி வந்தாள்? படியேறும்போதே பதில் தெரிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து தேறிவிட்டவர்களைத் தனி அறையிலிருந்து வார்டுக்கு மாற்றி, அறையை அவசர நோயாளிக்குக் கொடுக்க வேண்டும். இது போன மாதம் போட்ட உத்தரவு. போட்டவர் யாரென்று கேட்கத் தேவையில்லை.

ஜன்னலோரக் கட்டிலில் அவள் உடை மாற்றி, தலைவாரி, பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரியோடு பேச்சு சுவாரசியமாகப் போய்க்கொண்டிருந்தது. இவரைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"வந்துட்டீங்களா? சாயங்காலம்னு சொன்னீங்களே."

"நீ இங்க இருக்கேன்னு எனக்குத் தெரியாதும்மா. காலைலயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேன். இன்னொரு போன் வந்துருச்சு உங்களுக்கு." கோபமில்லாமல்தான் சொன்னாள். "இவங்ககூடக் கேட்டாங்க, உங்க வீட்டுக்காரரை ஏன் இன்னும் காணோம்னு. அவர் ரொம்ப தூரத்துல வேலை பார்க்கறார், வர நேரமாகும்னு சொன்னேன்."

பக்கத்துக் கட்டில்காரி அவர் கழுத்தில் தொங்கிய ஆஸ்பத்திரி அடையாள அட்டையைப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கட்டில்காரர் அசடு வழிய நின்றார். நின்றாலும் புத்தி கட்டிலை விட்டு நகரவில்லை. அவளை இப்போதைக்குத் தன் அறையில் உட்கார வைத்துவிட்டால் கட்டில் காலி, சாயங்காலம் வழக்கம்போல் வீட்டுக்குப் போய்க்கொள்ளலாம் என்று தோன்றியது. சொன்னார். மனைவி சரியென்று எழுந்துகூட விட்டாள். பெரிய சிஸ்டர்தான் குறுக்கே வந்து நின்றார். ஆபரேஷன் ஆனவர்களை நாற்காலியில் காக்க வைக்கக் கூடாது, வீட்டு ஆள் கூடவே வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நேராக வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும் என்றார். இதுவும் யார் போட்ட விதி என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. அவர் பார்வையே போதுமாக இருந்தது.

இந்த உச்சி வேளையில் அவர் இந்தக் கட்டிடத்தை விட்டு வெளியே போனதே கிடையாது. கீழே வேன் அம்மா பட்டினியோடு உட்கார்ந்திருக்கிறார். வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. துணை மேலாளரை வரவழைத்து, கட்டில் விவகாரங்களுக்கென்று ஆஸ்பத்திரி தனக்குத் தந்திருந்த இன்னொரு போனைக் கையில் கொடுத்தார். துணை மேலாளர் அதைக் கைக்குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார்.

பெரிய சிஸ்டர் மாத்திரைகளைக் கட்டில் மேல் பரப்பி, எதை எப்போது என்று விளக்கினார். கட்டில்காரர் எல்லா வீட்டு ஆட்களையும் போலவே தலையாட்டினார். இதற்கு முன்னால் வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார்களா என்று சிஸ்டர் கேட்டார். இல்லை என்றார் அவர்.

"பிரஷருக்கு" என்றாள் மனைவி. "ரெண்டு வருஷமா."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். தினமும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள். எப்போது போட்டுக்கொள்கிறாள் என்று யோசித்தார், பிடிபடவில்லை. ஊரிலுள்ள கட்டிலையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனிதருக்கு உள்ளுக்குள் ஏதோ சுருக்கென்று தைத்தது.

"வீட்ல இவங்களை யார் பார்த்துக்குவாங்க?" என்று சிஸ்டர் அடுத்ததைக் கேட்டார்.

"நான்தான்."

"வேலைக்கு, சார்?"

"ஒரு வாரம் வர மாட்டேன்."

"சும்மா இருங்க" என்று மனைவி சிரித்தாள். "சிஸ்டர், இவர் சொல்றதை நம்பாதீங்க. வாசல்வரைக்கும் வந்து ஏத்திவிட்டாலே எனக்குப் போதும்."

அவள் அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவருக்குத்தான் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அவர்கள் வார்டு வாசலைத் தாண்டுவதற்குள் ஜன்னலோரக் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாகிவிட்டது. லிஃப்ட் அருகில் வேன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். தியேட்டரிலிருந்து ஆள் அனுப்பிவிட்டார்கள் என்று முகமெல்லாம் பல்லாகச் சொன்னார். "கல்நெஞ்சுக்காரர் ஒருவழியா வந்துட்டார்மா" என்று மனைவியிடம் கண்ணைக் காட்டினார். மனைவிக்கு விஷயம் புரியாவிட்டாலும், அந்தப் பெயர் பிடித்துப்போனது போல் தெரிந்தது. தோள் சரியானதும் வேனில் தன்னையும் ஒரு சுற்று கூட்டிப்போகச் சொல்லிவிட்டு வந்தாள்.

காரை அவரே ஓட்டினார். பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டினார். பட்டப்பகலில் தெருக்கள் எப்படியிருக்கும் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, எதையோ நினைத்துத் தானாகச் சிரித்தாள். என்னவென்று கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க. ஆபரேஷன் அன்னைக்குக் காலைல என்னை ட்ராலில படுக்க வச்சுத் தியேட்டர் வாசலுக்குக் கொண்டு வந்தாங்க இல்ல? எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது. நீங்க நாலஞ்சு பேரோட அந்தப் பக்கமா வந்தீங்க. அப்பாடா, வந்துட்டார்னு நினைச்சேன். நீங்க ட்ராலியைப் பார்த்துட்டு, 'இதை ஏன் வழியில நிறுத்தியிருக்கீங்க, தள்ளுங்க'ன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க."

அவருக்கு அந்தக் காலை நன்றாக ஞாபகமிருந்தது. லிஃப்ட் ஒன்று பழுது. வழியில் ஒரு ட்ராலி நின்றதும், அதைத் தள்ளச் சொன்னதும்கூட ஞாபகமிருந்தது. அதில் படுத்திருந்த முகம் மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"ஏம்மா, நீ என்னை ஒரு குரல் கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"கூப்பிட்டா நின்னுருப்பீங்களே. எனக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு ட்ராலி காத்துட்டு இருந்துச்சு. அவங்களும் பாவம் பயந்துட்டுதானே இருந்திருப்பாங்க."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சிக்னலில் பச்சை விழுந்தது. போங்க, பின்னாடி எல்லாரும் நிக்கறாங்க என்றாள் அவள். ஹாரன் சத்தம் ஒன்று, இரண்டு, பிறகு வரிசையாகக் கேட்டது.

நிற்கட்டும் என்றார் கட்டில்காரர். கையை விடவில்லை.